நடராஜன் ஏலத்தொகை சொல்லும் பாடம்: ஏறி இறங்கும் வருமானத்தை எப்படிக் கையாள்வது?

பர்கூர் ஜவுளிக் கடைக்காரர்களும் சிப்காட் கான்ட்ராக்ட் தொழிலாளர்களும் அடிக்கடி கேட்பது இதுதான்: "ஒரு வருஷம் நல்லா வருது, அடுத்த வருஷம் பாதிகூட வரல. எதை நம்பி லோன் போடுறது?" வீடியோவில் சுருக்கமாகச் சொன்னதை இங்கே கணக்கோடு பார்ப்போம்.

உதாரணம், நம்ம யார்க்கர் நடராஜன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. அப்பா தறித் தொழிலாளி, அம்மா சாலையோரக் கடை நடத்தியவர். அவருடைய ஐபிஎல் ஏலத்தொகை எல்லோருக்கும் தெரிந்ததுதான்:

- 2017, பஞ்சாப்: ரூ.3 கோடி (அடிப்படை விலை வெறும் 10 லட்சம்)
- 2018, ஐதராபாத்: ரூ.40 லட்சம்
- 2022, ஐதராபாத்: ரூ.4 கோடி
- 2025, டெல்லி: ரூ.10.75 கோடி

இரண்டாவது வரியைக் கவனிங்க. 3 கோடி ஒரே வருஷத்தில் 40 லட்சமாகிறது. அதாவது 13 சதவீதம்தான் மிச்சம். 2021 வரை அதே தொகைதான். ஆனால் அந்தக் காலத்தில்தான் ஆஸ்திரேலியாவில் 2020 டிசம்பர் 2-ல் ஒருநாள், டிசம்பர் 4-ல் டி20, 2021 ஜனவரி 15-ல் பிரிஸ்பேன் டெஸ்ட் என ஒரே டூரில் மூன்றிலும் அறிமுகமானார். அந்த 2021-லேயே முழங்கால் அறுவை சிகிச்சையும் வந்தது.

உழைப்பு உச்சத்தில் இருக்கும்போது வருமானமும் உச்சத்தில் இருக்கும்னு கட்டாயம் இல்லைங்க. தீபாவளி சீசனை நம்பும் கடைக்கும், ஓவர்டைமை நம்பும் சம்பளத்துக்கும் இதே கதைதான்.

சரி, என்ன செய்யலாம்?

1. வரியை முதலில் ஒதுக்குங்க. "டிடிஎஸ் பிடிச்சாச்சு, வரி முடிஞ்சது" என்பது தப்புக் கணக்கு. 10% பிடித்திருந்தாலும் உங்கள் ஸ்லாப் 30% என்றால் மீதியை நீங்கள்தான் கட்டணும். அட்வான்ஸ் டாக்ஸ் தேதிகள்: ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. உத்தேச வருமானத் திட்டத்தில் கணக்கு காட்டும் சிறு வியாபாரிகள் மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்டலாம்.

2. இஎம்ஐயை மோசமான வருஷத்தை வைத்துப் போடுங்க. 2017 முதல் 2021 வரை ஐந்து வருஷ ஒப்பந்தத் தொகையைக் கூட்டினால் 4.6 கோடி. சராசரி 92 லட்சம். ஆனால் ஐந்தில் நான்கு வருஷம் 40 லட்சம்தான்! சராசரியை நம்பி இஎம்ஐ போட்டால்கூட மாட்டிக்குவோம்.

3. நல்ல வருஷத்தின் உபரிக்கு முன்கூட்டியே வேலை கொடுங்க. முதலில் கந்துவட்டி, நகைக்கடன் அடைப்பு. அடுத்து ஒரு வருஷ வீட்டுச் செலவு எஃப்டியில். மருத்துவக் காப்பீடு. அதற்குப் பிறகுதான் மனை, கார்.

இந்த வாரம் ஒரு வேலை: கடைசி மூன்று வருஷ பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுங்க. குறைவாக வந்த வருஷத்தை 12-ஆல் வகுங்க. அதுதான் உங்கள் உண்மையான மாதச் சம்பளம். இப்போது கட்டும் இஎம்ஐ அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், புது லோனில் கையெழுத்துப் போடாதீங்க.