குரல்வழித் தேடலும் சிறு வணிகரும்

கேட்டல், பேசல், படித்தல், எழுதல் என மொழித்திறன்கள் நான்கு என்பது ஆசிரியப் பயிற்சியின் முதற்பாடம். முன்னிரண்டையும் குழந்தை பள்ளிக்கு வருமுன்னரே பெற்றுவிடுகிறது. பின்னிரண்டையே நாம் கற்பிக்கின்றோம். கடைத்தெருவிலும் இவ்வாறே. பெயர்ப்பலகையைப் படிக்க இயலாதவரும் வாய் திறந்து வழி கேட்டு, வேண்டிய கடையை அடைந்துவிடுவர். தொலைபேசியில் கேட்டுக் கடையறியும் வழக்கமும் புதிதன்று. 1996இல் மும்பையில் தொடங்கப்பெற்ற ஜஸ்ட் டயல் நிறுவனம் அப்பணியையே செய்தது. மறுமுனையில் மனிதர் இருந்து விடை சொன்னார்.

கணினியும் கைப்பேசியும் வந்தபோது, எழுதத் தெரிந்தவரே தேட இயலும் என்ற நிலை ஏற்பட்டது. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கூகுள் நிறுவனம் தன் குரல்வழித் தேடலில் தமிழ் உள்ளிட்ட எட்டு இந்திய மொழிகளைப் புதிதாகச் சேர்த்தபோது, நம் மொழியைப் பொறுத்தமட்டில் அத்தடை தளர்ந்தது. எழுத்துக்கூட்டத் தெரியாத மூதாட்டியும் பார்வை குன்றிய பெரியவரும் இன்று கைப்பேசியின் ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுத் தம் பேச்சிலேயே கேட்கின்றனர். ஆயின், கடைக்காரர் தம் கடையைப் பற்றிப் பதிவு செய்து வைத்தாலன்றிப் பொறி எதைப் பார்த்து விடை கூறும்? பெரிய நிறுவனங்கள் இதற்கென ஆள் வைத்துள்ளன. ஒற்றை ஆளாய்க் கடை நடத்துவோர்க்கே இப்பாடம்.

பொறி என்ன செய்கிறது என்பதை முதலில் நோக்குவோம். காதில் விழுந்த ஒலியை எழுத்தாக்குகிறது. அவ்வெழுத்திலிருந்து கேட்பவரின் வேண்டுகோள் இன்னதென உய்த்துணர்கிறது. பின்னர்த் தன்னிடமுள்ள கடைப்பதிவுகளோடு ஒப்பிடுகிறது. பொருத்தம், தொலைவு, பெயர் பெற்றிருத்தல் ஆகிய மூன்றையும் கொண்டே அருகிலுள்ள கடைகளை வரிசைப்படுத்துவதாகக் கூகுள் நிறுவனமே கூறுகிறது. இவற்றுள் தொலைவை நாம் மாற்ற இயலாது. பெயர் பெறுதல் ஆண்டுகள் பல எடுக்கும். பொருத்தம் ஒன்றே இன்று மாலைக்குள் நம் கையால் திருத்தக்கூடியது.

வந்தவாசி கோரைப்பாய்க்குப் பெயர் பெற்ற ஊர் என்பதைப் பலரும் அறிவர். அங்கே ஒரு சிறு பாய்க்கடை இருப்பதாகக் கொள்வோம். கடைக்காரர் தம் பதிவில் கடையின் பெயரையும் ‘வீட்டு உபயோகப் பொருள் கடை’ என்ற வகையையும் மட்டும் இட்டுள்ளார். விழுப்புரத்திலிருந்து ஓர் அம்மையார் கேட்கிறார்: “வந்தவாசியில கல்யாணச் சீருக்குக் கோரைப்பாய் எங்க கெடைக்கும்?” எழுதித் தேடுவோர் இரண்டு மூன்று சொற்களோடு நிறுத்திக்கொள்வர், வாயால் கேட்போரோ எதற்கு, எங்கே, எப்போது என அனைத்தையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவர். கடைக்காரரின் பதிவில் ‘கோரைப்பாய்’ என்ற சொல்லும் இல்லை, ‘கல்யாணச் சீர்’ என்ற சொல்லும் இல்லை. தறியோடு கடை இருந்தும், பொறியின் கண்ணுக்கு அங்கே பாய் இல்லை.

சரி, ‘பாய்’ என்று மட்டும் எழுதினாற் போதுமோ எனின், போதாது. தமிழகத்தில் இசுலாமியப் பெரியவரைப் ‘பாய்’ என மரியாதையாக அழைப்பது வழக்கம். ‘பாய் கடை’ என்றதும் பலர்க்குப் பிரியாணியே நினைவுக்கு வரும். எழுத்து ஒன்றே, பொருள் இரண்டு. மனிதர் இடமறிந்து தெளிவர். பொறியோ உடன் வரும் சொற்களையே சான்றாகக் கொள்ளும். ஆதலின் ‘கோரைப்பாய்’, ‘கல்யாணப் பாய்’ என முழுச்சொல்லாக எழுதுதல் வேண்டும். லகர, ளகர, ழகர வேறுபாடு பலருடைய பேச்சில் மங்கிவிட்டது. (தமிழாசிரியர்கள் இதற்கு வருந்துவது தனிக்கதை!) ‘பளம்’ என்று ஒலித்தாலும் முன்பின் சொற்களைக் கொண்டு பொறி பெரும்பாலும் ‘பழம்’ என்றே எழுதிக்கொள்கிறது. கடைகளின் அருகிய பெயர்களில்தான் அது தடுமாறும். அங்கேயும் பொருளின் பெயரே நம்மைக் காக்கும்.

அதற்காகக் கடைப்பெயரிலேயே பொருட்களையெல்லாம் அடுக்கிவிடக் கூடாது. பெயர்ப்பலகையில் உள்ள பெயர் எதுவோ அதுவே பதிவிலும் இருத்தல் வேண்டும் என்பது கூகுளின் விதி; மீறினால் பதிவு நிறுத்தப்படவும் கூடும். பொருட்களின் பெயர்களைப் பொருட்பட்டியலிலும் கடை விளக்கத்திலும் எழுதலாம். விளக்கத்திற்கு 750 குறிகள் வரை இடமுண்டு. தமிழில் எழுதுக. வாடிக்கையாளர் தம் கருத்துரையில் ‘மகள் திருமணத்திற்குப் பாய் வாங்கினோம்’ என எழுதினால் அதுவும் துணை செய்யும். ஆனால் காசோ தள்ளுபடியோ கொடுத்து அத்தகைய உரைகளைப் பெறுதல் விதிக்கும் புறம்பு, நேர்மைக்கும் புறம்பு.

இனி, யான் மிக முதன்மையானதாகக் கருதுவது கடை திறந்திருக்கும் நேரம். “இப்போ கடை தெறந்திருக்கா?” என்று கேட்போர்க்கு, நாம் பதிந்த நேரத்தைக் கொண்டே பொறி விடை கூறுகிறது. நண்பகல் 2 மணி முதல் 4 மணி வரை கதவு சார்த்தியிருக்கும் கடை ‘காலை 9 முதல் இரவு 9 வரை’ எனப் பதிந்திருந்தால், வெயிலில் பேருந்தேறி வந்த முதியவர் பூட்டைப் பார்த்துத் திரும்புவார். இழப்பு ஒரு பாய் விற்பனையோடு முடிவதில்லை. அடுத்த முறை அவர் நகரத்துப் பெருங்கடைக்கே செல்வார். ஊரில் நால்வரிடம் சொல்லவும் செய்வார். இடைவேளையை இரு பகுதியாகப் பிரித்துப் பதிய வசதி உண்டு. பொங்கல், தீபாவளி போன்ற விடுமுறைகளுக்கும் தனியே நேரம் குறிக்கலாம். நிலப்படத்தில் கடையைக் குறிக்கும் புள்ளி தெருமுனையில் விழாமல் நம் வாசலிலேயே விழுகிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்க. தொலைபேசி எண் பலகையிலும் பற்றுச்சீட்டிலும் பதிவிலும் ஒன்றாகவே இருக்கட்டும்.

இப்பதிவுக்குக் கட்டணம் ஏதும் இல்லை. ‘கூகுளிலிருந்து பேசுகிறோம், உங்கள் கடையை முதலிடத்தில் வைக்கப் பணம் அனுப்புங்கள்’ என எவரேனும் அழைத்தால் இணைப்பைத் துண்டித்துவிடுக. வரிசையில் முன்னிடத்தைக் கூகுள் விலைக்குக் கொடுப்பதில்லை. விளம்பரம் வேறு, அதன்மேல் விளம்பரம் என்றே குறிப்பிருக்கும். ஐபோன் வைத்திருப்போர் சிரியிடம் கேட்கையில் ஆப்பிள் நிலப்படத்தின் பதிவும் பயன்படுவதால், அங்கும் ஒருமுறை பதிந்துவிடுதல் நன்று. 2023 ஜனவரியில் அந்நிறுவனம் கடைக்காரர் தாமே பதிவைத் திருத்தக் கட்டணமில்லா வழி செய்தது. கைப்பேசியில் பழக்கமில்லாதவர் பேரன் பேத்தியரைத் துணைக்கொள்ளலாம். ஆனால் எதை எழுதுவது என்பதைத் தாமே முடிவு செய்தல் வேண்டும். வாடிக்கையாளரின் பேச்சை அறிந்தவர் கல்லாவில் அமர்ந்திருப்பவரே.

அதற்கொரு பயிற்சி. ஒரு குறிப்பேட்டைக் கல்லாவில் வைத்துக்கொள்க. ஏழு நாட்கள், கடைக்கு வருவோர் வாய் திறந்ததும் சொல்லும் முதல் வாக்கியத்தை, இலக்கணம் பாராது, திருத்தாது, அவர் சொன்னவாறே எழுதி வருக. எட்டாம் நாள் அவ்வாக்கியங்களிலுள்ள பொருட்பெயர்களைப் பதிவோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றைச் சேர்க்க. பின்னர் வீட்டிலுள்ள வேறொருவரின் கைப்பேசியில் அவ்வாக்கியங்களுள் ஐந்தை உரக்கச் சொல்லி, பொறி எதை எழுத்தாக்குகிறது, எந்தக் கடையைக் காட்டுகிறது எனப் பார்த்துக் குறித்து வைக்க.