பயணச்சீட்டில் தெரியும் இரண்டரை மணி நேரம்

சென்னையிலிருந்து துபாய் செல்ல இரண்டரை மணி நேரம் போதும், திரும்பி வரத்தான் ஐந்தரை மணி நேரம் பிடிக்கும் என்றும், பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் மேற்கே போகும் விமானத்துக்கு ஊரே எதிர்கொண்டு வந்துவிடுகிறது என்றும் கருதுவோர் உண்டு. பயணச்சீட்டும் அதையே சொல்வதுபோல் இருக்கும். காலை 10 மணிக்குப் புறப்படும் விமானம் பகல் 12.30 மணிக்குச் சேர்வதாக அதில் இருந்தால், முதலாவது இந்திய நேரம், இரண்டாவது துபாய் நேரம். துபாய்க் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பிந்தியது என்பதால் வானில் கழிந்தது ஏறத்தாழ 4 மணி நேரம். மீளும்போது அந்த ஒன்றரை மணி நேரமே கூடுதலாகத் தோன்றுகிறது.

நெய்வேலிக்கு மேற்கே உள்ள கம்மாபுரம் அமைந்த அட்சரேகையில் நிலம் மணிக்குச் சுமார் 1,640 கி.மீ. வேகத்தில் கிழக்கே நகர்வது உண்மைதான். ஆனால் நிலத்தோடு காற்றும், காற்றோடு விமானமும் சேர்ந்தே நகர்கின்றன. காற்று உடன் சுழலவில்லை என்றால், நெய்வேலி அனல்மின் நிலையங்களின் புகை எந்தப் புயலும் காணாத வேகத்தில் ஆண்டு முழுவதும் மேற்கே கம்மாபுரம் பக்கமே அடித்துச் செல்லப்பட வேண்டும். அந்தப் புகையோ வாடை வீசும் ஐப்பசி, கார்த்திகையில் தென்மேற்காகவும், ஆடிக் காற்றில் கடலை நோக்கிக் கிழக்காகவும் சாய்கிறது.

விமான நேரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் காற்றே என்றாலும், அது புகையைச் சாய்க்கும் தரைக்காற்று அன்று. 10 முதல் 12 கி.மீ. உயரத்தில் வீசும் மேல்காற்று. குளிர்காலத்தில் வளைகுடாவுக்கும் வட இந்தியாவுக்கும் மேலே, குறுகிய பட்டையாக மேற்கிலிருந்து விரையும் ஜெட் காற்றோட்டம் ஊர் திரும்பும் விமானத்துக்குத் துணையாகிறது. இதைக்கொண்டு, மேற்கே போகும் பயணம் எப்போதும் தாமதம் என்று விதி வகுப்பதும் தவறு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேலே காற்று கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது என்பதை, இந்திய வானிலை ஆய்வாளர் பி. கோட்டீஸ்வரம் 1958இல் விளக்கினார். ஆடி மாதத்தில் வயலில் நிற்பவர் புகை கிழக்கே போவதைக் காணும் அதே வேளையில், அவர் தலைக்கு மேல் பதினான்கு கி.மீ. உயரத்தில் காற்று மேற்கே பாய்ந்துகொண்டிருக்கிறது என்பது வியப்புக்குரிய உண்மை.

தூரம் குறைந்தால் நேரமும் அதே விகிதத்தில் குறையும் என்பது இன்னொரு தவறான கணக்கு. சென்னைக்கும் துபாய்க்கும் இடையே சுமார் 2,900 கி.மீ.; சென்னைக்கும் திருச்சிக்கும் அதில் பத்தில் ஒரு பங்கே. எனினும் திருச்சி விமானத்துக்கு அட்டவணை ஒரு மணி நேரம் ஒதுக்குகிறது. ஓடுதளத்துக்கு ஊர்ந்து செல்லவும், மேலேறவும், இறங்கவும் ஆகும் நேரம் தூரத்தோடு சேர்ந்து சுருங்குவதில்லை. வட்டார விமான இணைப்புக்கான உடான் திட்டத்தில் இடம்பெற்ற நெய்வேலி ஓடுதளத்திலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் சுமார் 180 கி.மீ. என்பதால், முழு வேகத்தில் பறக்கும் ஜெட் விமானத்துக்கு அது பதின்மூன்று நிமிடத் தொலைவு. ஆனால் இவ்வளவு குறுகிய வழியில் அந்த வேகத்தை எட்டுவதற்குள் இறங்கத் தொடங்க வேண்டியிருக்கும். கம்மாபுரத்துப் பயணிக்கோ, சென்னை மீனம்பாக்கம் விமான நிலையம் வரையிலான நான்கைந்து மணி நேரச் சாலைப் பயணமே துபாய் வரையிலான வானவழிக்கு ஈடாகிவிடுகிறது.