மாத்திரை கொடுப்பவரிடமும் கேளுங்க!



சர்க்கரை நோய் என்றால் டாக்டர், ஊசி, ரத்தப் பரிசோதனை என்றுதான் நமக்கு ஞாபகம் வரும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று மாத்திரை எடுத்துத் தருகிறவரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஊரில் இன்னமும் பலர் அவரைக் கம்பவுண்டர் என்கிறோம். அவர் மருந்தாளுநர், அதற்கென்றே படித்துப் பதிவு செய்தவர். மருந்தை எப்படிச் சாப்பிடணும் என்று நோயாளிக்கு விளக்குவது அவருடைய கடமை என்று 2015-ஆம் ஆண்டு மருந்தியல் விதிகள் சொல்கின்றன. ஆகவே கேட்க நாம் கூச்சப்பட வேண்டியதில்லை.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100-க்கு 14 பேருக்குச் சர்க்கரை நோய். 20 பேர் உள்ள குழுவுக்கு ஏறக்குறைய 3 பேர்!

நாம் அதிகம் பயப்பட வேண்டியது இரட்டை மாத்திரைக்குத்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் க்ளிமிபிரைடு மாத்திரை வாங்குகிறோம். பிறகு தனியார் டாக்டரிடம் போகிறோம். அவரும் அதையே வேறு கம்பெனிப் பெயரில் எழுதித் தருகிறார். அட்டை வேறு, நிறம் வேறு. இரண்டையும் போட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடைசியில் மயக்கம். நினைவு இருக்கும்போதே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கணும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீங்க, 108-ஐ அழையுங்க. இரண்டு அட்டையிலும் ஒரே மருந்து என்பது மருந்தாளுநருக்குப் பார்த்தவுடன் தெரியும். ஆனால் நாம் காட்டினால்தானே!

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் இன்னொரு சிக்கல். நைட் ஷிப்ட் முடித்து வந்து, ‘காலை மாத்திரை’யைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமலே படுத்துவிடுகிறார்கள். மேலே சொன்ன மாத்திரைக்கு இது ஆபத்து. எந்த மாத்திரைக்குக் கட்டாயம் சாப்பாடு வேண்டும் என்று மருந்தாளுநரைக் கேளுங்க. நேரத்தையோ அளவையோ மாற்றுவது மட்டும் டாக்டர் சொல்லித்தான்.

அமெரிக்காவில் ஆஷ்வில் என்ற ஊரில் 1996-இல் சர்க்கரை நோயுள்ள நகராட்சி ஊழியர்களைப் பயிற்சி பெற்ற மருந்தாளுநர்களோடு சேர்த்துவிட்டார்கள். அவர்கள் தவறாமல் உட்கார வைத்துப் பேசி, மருந்தைச் சரிபார்த்தார்கள். சர்க்கரை கட்டுக்குள் வந்தது, லீவு எடுப்பதும் குறைந்தது. இங்கே யார் உட்கார வைத்துப் பேசுகிறார்கள், கூட்டம் அப்படி என்பீர்கள். நியாயம்தான். அந்த இடத்தில்தான் நம் பெண்கள் வருகிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு வீடாக மாத்திரை கொண்டுபோக மகளிர் குழுக்களிலிருந்துதான் தன்னார்வலர்களை எடுத்தார்கள். போன மாத மாத்திரை மீதி இருக்கிறதா, அலமாரியில் வேறு அட்டை இருக்கிறதா என்பது வாசலில் நிற்பவருக்குத்தான் தெரியும். அதை நர்ஸிடமும் மருந்தாளுநரிடமும் சொன்னால் போதும்.

அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது மூட்டுவலி மாத்திரை, நாட்டு மருந்து, இருமல் டானிக் உட்பட வீட்டிலுள்ள எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்க. மெடிக்கல் ஷாப் என்றால், “மருந்தாளுநர் யாருங்க?” என்று கேட்டு அவரிடமே காட்டுங்க.