ஸ்போர்ட்ஸ் கார்களில் கியர் மாற்றும் முறை: கையியக்கமா, இரட்டைக் கிளச்சா?

ஒரே காரியத்தைச் செய்வதற்கு இரண்டு கருவிகள் இருக்குமாயின், அவற்றுள் எது சிறந்தது என்னும் வினா எழுவது இயல்பு. ஆயினும், ‘எதற்குச் சிறந்தது?’ என்று முதலில் கேளாமல் அவ்வினாவிற்கு விடை கூற முற்படுவது அறிவியல் முறையாகாது. இவ்வுண்மையை விளக்குவதற்கு ஸ்போர்ட்ஸ் கார்களில் அமைக்கப்படும் கியர்ப்பெட்டிகள் நல்லதோர் எடுத்துக்காட்டாகும். ஓட்டுபவர் தம் கையாலும் காலாலும் கியரை மாற்றுவது பழைய முறை. இரண்டு கிளச்சுகளைக் கணினி ஆண்டு, கியரைத் தானே மாற்றுவது புதிய முறை. இவ்விரண்டின் அமைப்பையும், இயங்கும் விதத்தையும், ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நோக்க வேண்டியவற்றையும் இக்கட்டுரையில் காண்போம். இதில் வரும் பௌதிகக் கருத்துகள் உயர்நிலைப் பள்ளி மாணவருக்கும் எட்டக்கூடியவையே. பராமரிப்பு பற்றிய பகுதி, ஊர்திகளோடு பழகும் களப் பணியாளருக்கும் பயன்படும்.

கியர் எதற்கு?

மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே பாரத்தை இழுக்க வல்லது. பெட்ரோல் எஞ்சின் அத்தகையதன்று. குறிப்பிட்ட வேகத்திற்குக் கீழ் சுழலுமாயின் அது நின்றுவிடும். மிகுதியான வேகத்தில் சுழற்றினால் சிதைந்துவிடும். இவ்விரு எல்லைகளுக்கும் இடையிலும், ஒரு சிறு பகுதியில்தான் அது தன் முழு ஆற்றலையும் வெளிப்படுத்துகிறது.

ஜெர்மனியில் ஆக்கப்படும் போர்ஷே 911 ஜி.டி.3 என்னும் காரின் 2021-ஆம் ஆண்டு வடிவத்தை எடுத்துக்கொள்வோம். அதன் 4 லிட்டர் எஞ்சின், நிமிடத்திற்கு 6,100 சுற்றுகளில் 470 நியூட்டன் மீட்டர் என்னும் மிகுதியான முறுக்கு விசையைத் தருகிறது. அதன் உச்ச ஆற்றலான 510 குதிரைத் திறனோ 8,400 சுற்றுகளில்தான் கிட்டுகிறது. 9,000 சுற்றுகளே அதன் எல்லை. எனவே, கார் மெல்லச் சென்றாலும் விரைந்து சென்றாலும் எஞ்சினை இந்தப் பயனுள்ள வேக எல்லைக்குள் வைத்திருக்கப் பல கியர்கள் வேண்டும். மேட்டில் ஏறும் கியர் சைக்கிளில் சங்கிலியைப் பெரிய பின்சக்கரப் பல்லுக்கு மாற்றுவதும் இதே தத்துவத்தின்பாற்பட்டது.

கையால் மாற்றும் முறை

எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையே ஓர் உராய்வுத் தட்டு இருக்கிறது. வலிய சுருள்வில் ஒன்று அதனை எஞ்சினின் கனச்சக்கரத்தோடு அழுத்திப் பிடித்திருக்கும். இதுவே கிளச்சு. ஓட்டுபவர் இடக்கால் பெடலை மிதித்ததும் அழுத்தம் நீங்கி, எஞ்சினும் சக்கரங்களும் தொடர்பற்றுப் போகின்றன. அந்த இடைவேளையில் அவர் ஒரு கியரை விடுவித்து மற்றொன்றைப் பூட்டுகிறார். வெவ்வேறு வேகத்தில் சுழலும் பாகங்கள் மோதிக்கொள்ளாமல், முதலில் அவற்றின் வேகங்களை ஒன்றுபடுத்துவதற்குக் கூம்பு வடிவ வளையங்கள் உள்ளன. இவ்வமைப்பு 1928-இல் அமெரிக்காவின் கடிலாக் கார்களில் முதன்முதலாக வந்தது. அதற்கு முன்னர்க் கியர் மாற்றுவது ஓசையும் தொல்லையும் நிறைந்த வேலையாக இருந்தது.

இம்முறையின் தவிர்க்கவியலாத குறை ஒன்றே. கியர் மாறும் நேரத்தில் எஞ்சினின் விசை சக்கரங்களை எட்டுவதில்லை. தேர்ச்சி மிக்கவர் கையிலும் இவ்விடைவேளை விநாடியின் ஒரு பகுதியேனும் நீடிக்கும். சாதாரணப் பயணத்தில் இஃது ஒரு பொருட்டன்று. பந்தயத் தடத்திலோ, ஒவ்வொரு சுற்றிலும் பன்முறை நேரும் இவ்விடைவேளைகள் ஒன்றுசேர்ந்து வெற்றி தோல்வியை நிர்ணயிக்கக்கூடும்.

இரட்டைக் கிளச்சு முறை

இக்குறையை நீக்கப் பொறியாளர்கள் கண்ட வழி, இரண்டு கியர்ப்பெட்டிகளை ஒரே கூட்டுக்குள் அடக்குவதாகும். 1, 3, 5, 7 ஆகிய ஒற்றைப்படைக் கியர்கள் ஒரு தண்டோடும், 2, 4, 6 ஆகிய இரட்டைப்படைக் கியர்கள் மற்றொரு தண்டோடும் இணைந்திருக்கும். ஒரு தண்டு குழல் வடிவானது. மற்றொன்று அக்குழலினுள் சுழலும். ஒவ்வொன்றிற்கும் தனித்தனிக் கிளச்சு உண்டு.

கார் மூன்றாம் கியரில் விரைவு கூட்டிச் செல்லும்போதே, கணினி நான்காம் கியரையும் பூட்டி வைத்துவிடுகிறது. அதன் கிளச்சு மட்டும் திறந்திருக்கும். மாற்றவேண்டிய கணத்தில் ஒரு கிளச்சு தன் பிடியைத் தளர்த்த, மற்றொன்று அதே அளவில் பிடியை இறுக்குகிறது. கோயில் விழாக்களில் பல்லக்குச் சுமப்போர் ஆள் மாற்றிக்கொள்ளும் விதம் இதற்கு ஒப்பாகும். புதியவர் தோள் கொடுத்த பின்னரே பழையவர் விலகுகிறார்; பல்லக்கு ஓரிடத்திலும் நிற்பதில்லை. அவ்வாறே இங்கும் எஞ்சினின் விசை ஏறத்தாழ இடையறாமல் சக்கரங்களை அடைகிறது.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. அடுத்து வேண்டுவது எந்தக் கியர் என்பதைக் கணினி ஊகித்தறிய வேண்டும். மேல் கியரை ஆயத்தமாக வைத்திருக்கையில் ஓட்டுபவர் திடீரெனக் கீழ்க் கியரை விரும்பினால், சிறிது தாமதம் நேரிடும்.

இக்கருத்து புதியதன்று. பிரெஞ்சுப் பொறியாளர் அடால்ஃப் கெக்ரெஸ் 1930-களிலேயே இதனை எண்ணினார். ஆனால் இரு கிளச்சுகளின் பிடியையும் கணத்திற்குக் கணம் ஒத்திசைப்பது அக்காலத்துக் கருவிகளால் கைகூடவில்லை. மின்னணுக் கட்டுப்பாடு வளர்ந்த பின்னர், 1980-களில் போர்ஷே நிறுவனம் தன் பந்தயக் கார்களில் இதனைச் சோதித்தது. பொதுமக்கள் வாங்கும் காரில் இது முதன்முதலாக இடம்பெற்றது 2003-இல், வோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 என்னும் வடிவத்தில் ஆகும். பின்னர் 2009-இல் வந்த ஃபெராரி 458 இத்தாலியாவிலும், 2020-ஆம் ஆண்டு மாடலான ஷெவர்லே கார்வெட்டிலும் கையியக்க முறை அறவே கைவிடப்பட்டது.

ஒரே கார், இரண்டு கியர்ப்பெட்டிகள்

வெவ்வேறு கார்களை ஒப்பிட்டு முடிவு கூறுவது பொருந்தாது. எஞ்சின், எடை, டயர் ஆகியன மாறும்போது, வேறுபாட்டிற்குக் காரணம் எது என்று பிரித்தறிய இயலாது. முன்னர்க் குறிப்பிட்ட 911 ஜி.டி.3 இரு கியர்ப்பெட்டிகளோடும் விற்கப்பட்டமையால், அது நமக்கு ஏற்ற சோதனைப் பொருளாகிறது. நிறுவனம் வெளியிட்ட அளவுகள் வருமாறு:

எடை: கையியக்கம் 1,418 கிலோகிராம், இரட்டைக் கிளச்சு 1,435 கிலோகிராம்.
கியர்கள்: கையியக்கம் 6, இரட்டைக் கிளச்சு 7.
நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் எய்தும் நேரம்: கையியக்கம் 3.9 விநாடி, இரட்டைக் கிளச்சு 3.4 விநாடி.
உச்ச வேகம்: கையியக்கம் மணிக்கு 320 கிலோமீட்டர், இரட்டைக் கிளச்சு 318 கிலோமீட்டர்.

இவ்வளவுகளைக் கூர்ந்து நோக்குக. விரைவு கூட்டுவதில் இரட்டைக் கிளச்சு அரை விநாடி முந்துகிறது. எடையில் கையியக்கக் கார் 17 கிலோகிராம் குறைவு. உச்ச வேகத்தில் அதுவே சிறிது மேல். அரை விநாடி முழுவதும் கியர் மாற்றும் நேரத்தால் மட்டும் விளைந்ததென்று கொள்ளுதலும் கூடாது. புறப்படும்போது சக்கரம் வழுக்காமல் கிளச்சின் பிடியைக் கணினி செம்மையாக ஆள்வதும், கியர்களின் விகிதங்கள் வேறுபடுவதும் அதில் அடங்கும்.

கடிகாரம் கூறாத செய்தி

அளவுகளை மட்டும் கொண்டு தீர்ப்பளித்தால் இரட்டைக் கிளச்சே பந்தயத் தடத்திற்கு உகந்தது என்பதில் ஐயமில்லை. போர்ஷே நிறுவனமும் 2013-இல் அவ்வாறே முடிவு செய்து, அவ்வாண்டின் ஜி.டி.3 காரை இரட்டைக் கிளச்சோடு மட்டுமே வெளியிட்டது. ஆனால் 2016-இல் அதே நிறுவனம் கையியக்கக் கியர் மட்டுமே கொண்ட 911 ஆர் என்னும் வடிவத்தை 991 கார்கள் என்ற வரம்போடு ஆக்கிற்று. 2017-இல் ஜி.டி.3 காரிலும் கையியக்கக் கியர் மீண்டும் இடம்பெற்றது.

பின்னர் வந்த இரு வடிவங்கள் இதனை மேலும் தெளிவாக்குகின்றன. 2022-இல் வந்த ஜி.டி.3 ஆர்.எஸ். தடத்திற்கென அமைந்தது, அதில் இரட்டைக் கிளச்சு மட்டுமே உண்டு. 2023-இல் வந்த 911 எஸ்/டி, சாலையில் ஓட்டி மகிழ்வதற்கென அமைந்தது. அதில் கையியக்கக் கியர் மட்டுமே உண்டு. இரண்டின் ஆற்றலும் 525 குதிரைத் திறனே. நோக்கம் வேறுபட்டது, ஆகவே கருவியும் வேறுபட்டது.

கையால் கியர் மாற்றுவோர் விரும்புவது யாது? வளைவிற்கு முன் வேகத்தைக் கணித்து, எஞ்சினின் ஒலியைக் கேட்டு, கையையும் கால்களையும் ஒத்திசைத்து இயக்கும் திறனில் கிடைக்கும் நிறைவையே அவர்கள் நாடுகின்றனர். இதனை விநாடிகளால் அளக்கவியலாது. அளக்க இயலாதது என்பதனால் அஃது இல்லாததாகிவிடாது. அதே வேளையில், இடக்காலில் வலுக்குறைந்த ஒருவருக்கு இரட்டைக் கிளச்சு வெறும் வசதியன்று. அத்தகைய காரை ஓட்டுவதற்கே அது வழி திறக்கிறது. இதனையும் கடிகாரம் கூறாது.

பராமரிப்பும் பழக்கமும்

கையியக்கப் பெட்டியின் அமைப்பு எளியது. உராய்வுத் தட்டு தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். கிளச்சுப் பெடலின்மேல் காலை ஊன்றியவாறே ஓட்டும் பழக்கம் அத்தேய்வை விரைவுபடுத்தும். இம்முறையில் பெருங்கேடு ஒன்றும் உண்டு. மிகுந்த வேகத்தில் செல்கையில் தவறிக் கீழ்க் கியரைப் பூட்டிவிட்டால், சக்கரங்களே எஞ்சினை அதன் எல்லைக்கு மேல் சுழற்றிச் சேதப்படுத்தக்கூடும். இரட்டைக் கிளச்சு முறையில் கணினி அத்தகைய கட்டளையை ஏற்பதில்லை.

இரட்டைக் கிளச்சில் வெப்பமே முதற் பகை. ஆற்றல் மிக்க கார்களில் கிளச்சுத் தட்டுகள் எண்ணெயில் நனைந்து குளிர்ச்சி பெறுகின்றன. சில சிறிய கார்களில் அவை உலர்ந்த வகையைச் சார்ந்தவை. எவ்வகையாயினும், மேட்டில் நிற்கும்போது பிரேக்கை அழுத்தாமல் ஆக்ஸிலரேட்டரைச் சிறிது மிதித்துக் காரை நிறுத்தி வைப்பது பெருந்தவறு. அப்பொழுது கிளச்சு இடைவிடாமல் வழுக்கி வெப்பமடையும். நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்வதற்கு மாறாக, சற்று இடைவெளி விட்டு நின்று பின்னர்ப் புறப்படுதல் நன்று. நிறுவனம் குறித்த காலத்தில் எண்ணெய் மாற்றுவதும் இன்றியமையாதது. பழுது நேர்ந்தால் அதனைக் கண்டறியக் கணினிக் கருவியும் பயிற்சி பெற்ற பணியாளரும் வேண்டும், செலவும் மிகும்.

தேர்வு

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிவு இது. தடத்தில் நேரத்தைக் குறைப்பதே நோக்கமாயின் இரட்டைக் கிளச்சைத் தேர்க. நகர நெரிசலில் நாள்தோறும் ஓட்டுபவருக்கும், கால் நோவு உள்ளவருக்கும் அதுவே ஏற்றது. ஆனால் மேற்கூறிய பழக்கங்களைக் கைக்கொள்ள வேண்டும். குறைந்த எடை, எளிய அமைப்பு, ஓட்டும் கலையில் ஈடுபாடு ஆகியன நோக்கமாயின் கையியக்கத்தைத் தேர்க. பொதுச் சாலையில் அந்த அரை விநாடிக்கு யாதொரு மதிப்பும் இல்லை என்பதை மாணவர்க்கு வற்புறுத்திக் கூறுதல் வேண்டும். அங்கு அதனை மெய்ப்பிக்க முற்படுவது தமக்கும் பிறர்க்கும் தீங்கு தேடுவதாகும்.

வகுப்பிற்குரிய பயிற்சிகள்

1. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரில் கியர் மாற்ற 0.4 விநாடி ஆகிறது. அதற்குள் கார் செல்லும் தொலைவு யாது? (விடை: ஏறத்தாழ 11 மீட்டர்)

2. கார் விநாடிக்கு விநாடி 4 மீட்டர் வீதம் வேகம் கூட்டிச் செல்கிறது எனக் கொள்க. 0.4 விநாடி விசை அறுபட்டால், பெறாமற்போன வேகம் எவ்வளவு? காற்றின் தடையை விட்டுவிடுக. (விடை: விநாடிக்கு 1.6 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 5.8 கிலோமீட்டர்)

3. மாணவர் இருவர் ஒரு வாளி நீரைக் கைமாற்றட்டும். முதல்முறை வாளியைத் தரையில் வைத்து எடுக்கச் செய்க. மறுமுறை ஒருவர் பிடியை விடுமுன் மற்றவர் பற்றச் செய்க. இவற்றுள் எது எந்தக் கியர்ப்பெட்டிக்கு ஒப்பாகும் என்பதை அவர்களே கூறட்டும்.