ரஹீம் வாத்தியாரின் டீம்

படியுங்கள்

கால்பந்து ஆட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தெருவில் பிள்ளைகள் ஆடுவார்கள். டி.வி.யிலும் காட்டுவார்கள். ஒரு அணியில் 11 பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் கோல் காப்பவர். அவரை கோல்கீப்பர் என்கிறோம். அவர் மட்டும் தம் கோலுக்கு அருகே கையால் பந்தைப் பிடிக்கலாம். மற்ற பத்துப் பேரும் காலாலும் தலையாலும்தான் ஆட வேண்டும்.

நம் நாட்டுக்கும் ஒரு கால்பந்து அணி உண்டு. ஒரு காலத்தில் ஆசியாவிலேயே அதுதான் முதல் அணி. அந்த அணியை உருவாக்கியவர் நம் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியர். அந்த அணியில் நம்மைப் போல் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் ஆடினார்கள். இந்தக் கதையைப் படிப்போம்.

வெறுங்கால் ஆட்டம்

1947இல் நாடு விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டு 1948இல் லண்டனில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. நம் அணியும் போனது. நம் வீரர்கள் பலர் காலில் பூட்ஸ் இல்லை. வெறுங்காலில் ஆடினார்கள். பிரான்ஸ் நாட்டோடு ஆட்டம். நமக்காக ஒரே ஒரு கோல் போட்டவர் சாரங்கபாணி ராமன். ஆனாலும் 1-2 என்று தோற்றோம்.

1950இல் பிரேசில் நாட்டில் உலகக் கோப்பை நடந்தது. நம் அணிக்கு அதில் ஆட இடம் கிடைத்தது. ஆனால் நம் அணி போகவில்லை. பூட்ஸ் இல்லாததால்தான் போகவில்லை என்று பலர் சொல்வார்கள். அது மட்டுமே காரணம் அல்ல. அக்காலத்தில் நம் நாட்டுக் கால்பந்துச் சங்கம் ஒலிம்பிக்கைத்தான் பெரிதாக நினைத்தது. பிரேசில் வெகு தூரம். கப்பலில் போக வேண்டும். சங்கம் அதற்கு முனையவில்லை. அதன் பிறகு இன்றுவரை நம் ஆண்கள் அணி உலகக் கோப்பையில் ஆடியதே இல்லை.

1951இல் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்றோம். தங்கப் பதக்கம் கிடைத்தது.

அடுத்த ஆண்டு பின்லாந்து நாட்டில் ஒலிம்பிக். அது குளிர் நாடு. நம்மவர் பலர் அங்கும் வெறுங்காலில் ஆடினார்கள். யூகோஸ்லாவியா நாடு நமக்கு எதிராக 10 கோல் போட்டது. நாம் போட்டது 1 கோல். பெரிய தோல்வி. அதன் பிறகு பூட்ஸ் போட்டே ஆட வேண்டும் என்று விதி வந்தது.

ஆசிரியர் வந்தார்

அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் சையத் அப்துல் ரஹீம். 1909இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். நம் நகரத்துப் பள்ளிகளில் பாடம் சொல்லிக் கொடுத்தவர். எல்லாரும் அவரை ரஹீம் சாஹிப் என்று மரியாதையாக அழைத்தார்கள்.

ஹைதராபாத் நகரப் போலீஸ் அணிக்கும் அவர்தான் கோச். பம்பாயில் ரோவர்ஸ் கோப்பை என்று ஒரு பெரிய போட்டி நடக்கும். 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 ஆண்டுகள் அந்தக் கோப்பையை ஹைதராபாத் போலீஸ் அணியே வென்றது.

ரஹீம் எப்படிச் சொல்லிக் கொடுத்தார்?

நம்மில் பலருக்கு வலது கால்தான் பலமான கால். இடது காலால் உதைத்தால் பந்து எங்கோ போகும். ரஹீம் ஒரு போட்டி வைத்தார். அதில் பலவீனமான காலால் மட்டுமே பந்தை உதைக்கலாம். இன்னொரு போட்டியும் வைத்தார். அதில் பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. வந்த பந்தை உடனே கூட்டாளிக்குத் தள்ள வேண்டும். இப்படிப் பழகியவர்களுக்கு இரண்டு காலும் வசப்பட்டன. பந்தைப் பங்கு போட்டு ஆடவும் வந்தது.

எழுதப் பழகியபோது நமக்கும் இப்படித்தான் இருந்தது. வராத எழுத்தைத்தான் திரும்பத் திரும்ப எழுதினோம். வரும் எழுத்தையே எழுதிக்கொண்டிருந்தால் வராத எழுத்து வராமலே போகும்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் இருவர்

பாலாநகரில் பஸ் ஏறி, போயின்பள்ளி வழியாக செகந்திராபாத் போகிறோம். செகந்திராபாத்தை அடுத்து அம்முகுடா என்ற இடம் இருக்கிறது. துளசிதாஸ் பலராமன் 1936இல் அங்கே பிறந்தார். தமிழ்க் குடும்பம். வசதி இல்லாத வீடு. சின்ன வயதிலேயே பந்துதான் அவருக்கு உயிர். ரஹீமின் கண்ணில் பட்டார். 20 வயதில் ஒலிம்பிக் போனார்.

இன்னொருவர் பீட்டர் தங்கராஜ். அவரும் ஹைதராபாத்தில் பிறந்தவர். செகந்திராபாத் கிளப்புகளில் ஆடிப் பழகினார். பிறகு ராணுவத்தில் சேர்ந்தார். நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தின் அணியில் ஆடினார். முதலில் முன்னால் நின்று கோல் போடுபவராகத்தான் ஆடினார். பிறகுதான் கோல்கீப்பர் ஆனார். நல்ல உயரமான ஆள். ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பெயர் எடுத்தார்.

மெல்போர்னில் நாலாம் இடம்

1956இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தில் ஒலிம்பிக் நடந்தது. நம் அணி ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று வென்றது. நெவில் டிசூசா ஒருவரே 3 கோல் போட்டார்.

நம் அணி அரை இறுதிக்குப் போனது. ஒலிம்பிக் கால்பந்தில் அரை இறுதிக்குப் போன முதல் ஆசிய அணி நம்முடையதுதான்.

அரை இறுதியில் மறுபடியும் யூகோஸ்லாவியா. 4 ஆண்டுகளுக்கு முன் நமக்கு 10 கோல் போட்ட அதே நாடு. இந்த முறை முதல் கோல் நாம் போட்டோம்! பிறகு அவர்கள் 4 கோல் போட்டார்கள். 1-4 என்று தோற்றோம். அடுத்த ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்றோம். நாலாம் இடம் கிடைத்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1952இல் 9 கோல் வித்தியாசத்தில் தோற்றோம். 1956இல் அதே நாட்டிடம் 3 கோல் வித்தியாசத்தில்தான் தோற்றோம். இடையில் நான்கே ஆண்டுகள். பயிற்சி செய்த வேலை இது.

1960இல் ரோம் ஒலிம்பிக். அங்கே பலராமன் ஹங்கேரிக்கு எதிராக ஒரு கோல் போட்டார். பெரு நாட்டுக்கு எதிராகவும் ஒரு கோல் போட்டார். நம் ஆண்கள் அணி கடைசியாக ஆடிய ஒலிம்பிக் அதுதான்.

ஜகார்த்தாவில் தங்கம்

1962இல் இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரத்தில் ஆசிய விளையாட்டுப் போட்டி. நம் அணியின் கேப்டன் சுனி கோஸ்வாமி. கோச் ரஹீம். அவருக்கு நுரையீரலில் புற்றுநோய். அந்த நோயோடுதான் அணியைக் கூட்டிக்கொண்டு போனார்.

முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்றோம். அடுத்து தாய்லாந்தை வென்றோம். ஜப்பானை 2-0 என்று வென்றோம். அரை இறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று வென்றோம்.

ஜர்னைல் சிங் என்ற வீரருக்குத் தலையில் அடிபட்டது. தையல் போட்டார்கள். அவர் பின்னால் நின்று கோலைக் காக்கும் ஆட்டக்காரர். ரஹீம் அவரை முன்னால் நிறுத்தினார். கட்டுப் போட்ட தலையோடு அவர் அரை இறுதியில் ஒரு கோல் போட்டார்.

செப்டம்பர் 4. இறுதி ஆட்டம். எதிரே மறுபடியும் தென் கொரியா. மைதானத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். அவர்கள் நம் அணிக்கு எதிராகக் கூச்சல் போட்டார்கள். ஏன்? இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அந்தப் போட்டிக்குச் சேர்க்கவில்லை. நம் நாட்டு விளையாட்டு அதிகாரி ஒருவர் அதைக் கண்டித்துப் பேசினார். அந்தக் கோபம் நம் வீரர்கள் மேல் திரும்பியது. அந்தக் கூட்டத்தில் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் நமக்காகக் கை தட்டினார்கள் என்று அன்று ஆடியவர்கள் பின்னால் சொல்லியிருக்கிறார்கள்.

பி.கே. பானர்ஜி முதல் கோல் போட்டார். ஜர்னைல் சிங் இரண்டாம் கோல் போட்டார். முதல் 20 நிமிடத்திலேயே 2 கோல்! அன்று கோலைக் காத்தவர் நம் பீட்டர் தங்கராஜ். கடைசி நேரத்தில் கொரியா ஒரு கோல் போட்டது. அவ்வளவுதான். 2-1 என்று வென்றோம். தங்கப் பதக்கம் நமக்கு.

அடுத்த ஆண்டு 1963 ஜூன் 11 அன்று ரஹீம் இறந்து போனார். அவர் வாழ்க்கையை வைத்து 2024இல் 'மைதான்' என்ற இந்திப் படம் வந்தது. பீட்டர் தங்கராஜ் 2008இல் காலமானார். பலராமன் 2023இல் காலமானார்.

பிறகு என்ன ஆனது?

1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் கிடைத்தது. 1970 ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலப் பதக்கம் கிடைத்தது. அப்போது கேப்டன் நயீமுதீன். அவரும் ஹைதராபாத்காரர்தான். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் கால்பந்து அணிக்குப் பதக்கமே இல்லை.

நாம் வென்ற நாடுகள் என்ன செய்தன? ஜப்பான் பள்ளிப் பிள்ளைகளிலிருந்து தொடங்கியது. 1993இல் சம்பளம் வாங்கி ஆடும் கிளப்புகளுக்கென்று பெரிய போட்டித் தொடர் ஒன்றைத் தொடங்கியது. 2022 உலகக் கோப்பையில் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் வென்றது. தென் கொரியா 2002 உலகக் கோப்பையில் நாலாம் இடம் பிடித்தது.

அக்காலத்தில் நம் ஊர்ப் போட்டிகளில் ஆட்டம் பெரும்பாலும் 70 நிமிடம்தான். உலகப் போட்டியில் 90 நிமிடம். கடைசி 20 நிமிடம் நம்மவர்களுக்கு மூச்சு வாங்கும். மற்ற நாடுகள் வேகமாக மாறின. நாம் மெதுவாக மாறினோம்.

அண்மை ஆண்டுகளில்

2023 நல்ல ஆண்டு. பெங்களூரில் நடந்த தெற்காசியப் போட்டியில் குவைத்தை வென்று கோப்பை வாங்கினோம். அப்போது கேப்டன் சுனில் சேத்ரி.

2024 கெட்ட ஆண்டு. ஆசியக் கோப்பையில் 3 ஆட்டம் ஆடினோம். மூன்றிலும் தோல்வி. ஒரு கோல்கூடப் போடவில்லை. செப்டம்பரில் நம் ஹைதராபாத் கச்சிபௌலி மைதானத்தில் சிரியாவிடம் 0-3 என்று தோற்றோம். அந்த ஆண்டு முழுவதும் ஒரு வெற்றியும் இல்லை.

2025 ஆகஸ்டில் காலித் ஜமீல் கோச் ஆனார். செப்டம்பரில் ஓமன் நாட்டை வென்று ஒரு போட்டியில் மூன்றாம் இடம் பிடித்தோம். ஆனால் அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்றோம். அதனால் 2027 ஆசியக் கோப்பையில் ஆடும் வாய்ப்பு போனது. நவம்பரில் வங்காள தேசத்திடமும் 0-1 என்று தோற்றோம். அப்போது உலகத் தரவரிசையில் நம் இடம் 142. 1996இல் அது 94ஆக இருந்தது.

ஹைதராபாத் எப்சி என்று நம் நகரத்துக்கு ஒரு கிளப் இருந்தது. 2022இல் அது நாட்டின் பெரிய லீக் போட்டியை வென்றது. 2025இல் அந்த அணி டெல்லிக்குப் போய்விட்டது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2025 ஜூலையில் நம் பெண்கள் அணி தாய்லாந்தை அதன் ஊரிலேயே 2-1 என்று வென்றது. பெண்கள் ஆசியக் கோப்பையில் ஆட இடம் பிடித்தது. நம் தெலங்கானாவின் நிஜாமாபாத் மாவட்டத்துப் பெண் சௌமியா குகுலோத்தும் இந்தியாவுக்காக ஆடியவர்தான்.

சிந்தியுங்கள்

பலராமன் பெரிய வீட்டுப் பிள்ளை இல்லை. அவருக்கு ஆட ஒரு மைதானம் இருந்தது. சொல்லிக் கொடுக்க ஓர் ஆசிரியர் இருந்தார். இன்று பாலாநகரில் பட்டறைகளும் கம்பெனிகளும் வீடுகளும் நெருங்கி நிற்கின்றன. பட்டறை வேலைக்குப் போகும் அப்பா அம்மாவின் பிள்ளைகள் எங்கே ஆடுவார்கள்? உங்கள் தெருப் பக்கம் காலி இடம் எது? அது யாருடையது? பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் மைதானம் இருக்கிறதா? மாலையில் அதைத் திறந்து விடுகிறார்களா? மையத்தில் பேசுங்கள். மைதானம் வேண்டும் என்றால் எல்லாரும் சேர்ந்து மனு எழுதலாம். இப்போது நமக்கு மனு எழுதத் தெரியும். கையெழுத்துப் போடவும் தெரியும்.

பெண் பிள்ளைகளையும் ஆட விடுங்கள்.

ஸ்கோர் படிப்பது எப்படி?

செய்தித்தாளில் "இந்தியா 2 - தென் கொரியா 1" என்று போட்டிருக்கும். முதல் எண் இந்தியா போட்ட கோல். இரண்டாம் எண் தென் கொரியா போட்ட கோல். யார் எண் பெரிதோ அவருக்கு வெற்றி. இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் ஆட்டம் சமம். தரவரிசையில் இது தலைகீழ். அதில் எண் சிறிதாக இருந்தால்தான் நல்லது.

புதிய சொற்கள்

பயிற்சி – திரும்பத் திரும்பச் செய்து பழகுவது
அரை இறுதி – இறுதி ஆட்டத்துக்கு முந்திய ஆட்டம்
தரவரிசை – திறமைப்படி வைக்கும் வரிசை
பலவீனம் – பலம் இல்லாமை
மனு – குறையைச் சொல்லி அதிகாரிக்கு எழுதும் கடிதம்

பயிற்சி

அ. விடை எழுதுங்கள்.
1. ரஹீம் என்ன வேலை பார்த்தார்?
2. பலராமன் எங்கே பிறந்தார்?
3. பலவீனமான காலால் மட்டும் ஆடும் போட்டியை ரஹீம் ஏன் வைத்தார்?

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.
1. 1956 ஒலிம்பிக்கில் நம் அணிக்கு ______ இடம் கிடைத்தது.
2. 1962 இறுதி ஆட்டத்தில் கோல் காத்தவர் பீட்டர் ______.

இ. கணக்கு.
1. 1962இல் தங்கம். 1970இல் வெண்கலம். இடையில் எத்தனை ஆண்டுகள்?
2. தரவரிசையில் 94ஆம் இடத்திலிருந்து 142ஆம் இடத்துக்கு இறங்கினோம். எத்தனை இடம் இறங்கினோம்?

ஈ. உங்கள் தெருப் பிள்ளைகள் ஆடுவதற்கு மைதானம் கேட்டு ஐந்து வரியில் ஒரு மனு எழுதுங்கள்.