உப்பை எதுவரைக்கும் பிரிக்கலாம்?

மக்களே, ஒரு சின்ன கேள்வி. வீட்ல ஏழாம் வகுப்பு படிக்கிற தம்பியோ தங்கச்சியோ அறிவியல் புத்தகத்தைத் தூக்கிட்டு வந்து, "தனிமம், சேர்மம், கலவை... மூணுக்கும் என்ன வித்தியாசம்?"னு கேட்டா என்ன சொல்வீங்க? நம்மள்ல பல பேர் மனப்பாடம் பண்ண வரையறையை அப்படியே ஒப்பிப்போம். "ஒரே வகை அணுக்களால் ஆனது தனிமம்." அந்தக் குழந்தை அணுவைப் பார்த்ததில்லை. நாமளும் பார்த்ததில்லை. அப்புறம் எப்படிப் புரியும்?

இந்தப் பிரிவுகளை முதல்ல உருவாக்கினவங்களும் அணுவைப் பார்த்ததில்லை. அவங்க செஞ்சது ஒண்ணுதான்: கையில கிடைச்ச பொருளையெல்லாம் பிரிச்சுப் பார்த்தாங்க. அதனால பாடத்தைப் பின்னாடியிருந்து தொடங்குவோம். கடைசியில வர்ற "பிரித்தல் முறைகள்"தான் நம்ம முதல் பக்கம். உதாரணத்துக்கு, ஒரு வாளி கடல்நீர்.

படி 1: வித்தியாசத்தைத் தேடு

வாளியில மணல் இருக்கு. துணியில வடிகட்டினா மணல் நின்னுடும். ஏன்? துணியோட ஓட்டையை விட மணல் பெருசு. ஆனா உப்பு தண்ணியோட சேர்ந்து கீழ போயிடும், ஏன்னா அது கரைஞ்சு போயிருக்கு. மணலும் தண்ணியும் பலபடித்தான கலவை. உப்பும் தண்ணியும் ஒருபடித்தான கலவை.

எல்லாப் பிரித்தல் முறைக்கும் அடிப்படை ஒரே விதிதான்: ரெண்டு பொருளுக்கும் ஏதாவது ஒரு பண்பில் வித்தியாசம் இருக்கணும். அளவில் வித்தியாசம்னா சலித்தல், வடிகட்டுதல். எடையில்னா தூற்றுதல், தெளியவைத்து இறுத்தல். காந்தம் இழுக்கும், இழுக்காதுன்னா காந்தப் பிரிகை. கொதிநிலையில்னா காய்ச்சி வடித்தல். கரைதிறனில்னா படிகமாக்கல். முறைகளோட பட்டியலை மனப்பாடம் பண்ண வேண்டாம். "இங்க என்ன வித்தியாசம்?"னு கேட்டாலே முறை தானா வந்துடும்.

இதே கேள்வியைக் கேட்டா ஒரு பெரிய குழப்பமும் தீரும். உப்புத் தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிச்சா உப்பு போயிடுமா? போகாது. கொதிக்க வச்சா கிருமி சாகும். ஆனா ஆவியாகிப் போறது தண்ணி மட்டும்தான், பாத்திரத்துல மிஞ்சுறதுல உப்பு இன்னும் கூடத்தான் செய்யும். அந்த ஆவியைப் பிடிச்சுக் குளிர வச்சாதான் நல்ல தண்ணி.

படி 2: உப்பளம் சொல்ற பாடம்

தூத்துக்குடி பக்கம் போனா பாத்தி பாத்தியா உப்பளம் தெரியும். "தண்ணி வத்தினா உப்பு, அவ்ளோதானே?"ன்னு தோணும். விஷயம் அவ்வளவு சுலபம் இல்ல.

ஒரு கிலோ கடல்நீர்ல சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கு. உப்பு இல்ல, உப்புகள். சோடியம் குளோரைடுதான் பெரும்பகுதி. கூடவே கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் உப்புகளும் உண்டு. மொத்தத்தையும் ஒரே பாத்தியில வத்த விட்டா எல்லாம் சேர்ந்த கலவைதான் கிடைக்கும்.

ஆனா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கட்டத்துல படியும். தண்ணி சுமார் பாதியாக வத்தும்போது கால்சியம் கார்பனேட் படியத் தொடங்கும். அஞ்சுல ஒரு பங்கு ஆகும்போது ஜிப்சம். பத்துல ஒரு பங்கு ஆகும்போதுதான் நாம சாப்பிடுற உப்பு. அதனால தண்ணியைப் பாத்தி பாத்தியா நகர்த்துறாங்க: ஜிப்சம் ஒரு பாத்தியில தங்கிடும், உப்பு அடுத்ததுல படியும். அடர்த்தியை பாமே டிகிரியில அளப்பாங்க. கடல்நீர் சுமார் 3 டிகிரி; உப்பு படியத் தொடங்குறது 25 டிகிரி வாக்குல; 29, 30 வந்ததும் மிச்சத் தண்ணியை வெளியேத்திடுவாங்க. இன்னும் வத்த விட்டா மக்னீசியம் உப்புகளும் சேர்ந்து படிஞ்சு உப்பு கசக்கும். மழைக்காலத்துல கல் உப்பு நசநசன்னு ஆகுறதுக்கும் பெரும்பாலும் இந்த மக்னீசியம் குளோரைடு காரணம். காத்துல இருக்கிற ஈரத்தை நல்லா இழுக்கும்.

கரைதிறன் வித்தியாசம்ங்கிற ஒரு வரியை வச்சு ஒரு தொழிலே நடக்குது.

படி 3: உப்பையே பிரிக்க முடியுமா?

இப்போ கையில சுத்தமான சோடியம் குளோரைடு. வடிகட்டலாம், கரைக்கலாம், திரும்பப் படிகமாக்கலாம். 801 டிகிரி செல்சியஸ்ல உருக்கவும் செய்யலாம். என்ன செஞ்சாலும் அது உப்பாவே இருக்கும். இதுவரைக்கும் பயன்படுத்தின எந்த முறையும் இங்க வேலைக்கு ஆகாது.

ஆனா உருகின உப்புல மின்சாரம் செலுத்தினா கதை மாறும். ஒரு பக்கம் சோடியம், தண்ணி பட்டா பொங்கி வெடிக்கிற உலோகம். இன்னொரு பக்கம் குளோரின், மூச்சைத் திணறடிக்கிற மஞ்சள் பச்சை வாயு. இந்த ரெண்டும் சேர்ந்ததைத்தான் தினமும் சாம்பார்ல போடுறோம்.

சேர்மத்தோட அடையாளம் இதுதான். சேர்ந்த பிறகு பழைய குணம் இருக்காது, விகிதமும் மாறாது. எந்த ஊர் உப்பா இருந்தாலும் 23 கிராம் சோடியத்துக்கு 35.5 கிராம் குளோரின். கலவைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. நம்ம மெஸ் சாம்பார்ல பருப்பு எவ்வளவுன்னு எந்த விதியும் சொல்ல முடியாதுல்ல!

எஞ்சினியரிங் படிக்கிறவங்களுக்கு இதையே எண்ணுல சொல்லலாம். ஒரு லிட்டர் தண்ணிக்குக் கணக்கு:

- கடல்நீர்ல இருந்து ஆர்.ஓ. ஆலையில ஒரு லிட்டர் நல்ல தண்ணி எடுக்க: சுமார் 0.004 யூனிட்
- 100 டிகிரியில இருக்கிற ஒரு லிட்டர் தண்ணியை முழுசா ஆவியாக்க: சுமார் 0.63 யூனிட்
- ஒரு லிட்டர் தண்ணியை ஹைட்ரஜனாவும் ஆக்சிஜனாவும் உடைக்க: குறைஞ்சது சுமார் 4.4 யூனிட்

முதல் ரெண்டுலயும் தண்ணி தண்ணியாவே இருக்கு. மூணாவதுல பிணைப்பு உடையுது. மீஞ்சூர்லயும் நெம்மேலியிலயும் கடல்நீரைக் காய்ச்சாம சவ்வு வழியா அழுத்துறது ஏன்னு முதல் ரெண்டு எண்ணைப் பார்த்தாலே புரியும்.

படி 4: பிரிக்க முடியாதது

சோடியத்தை இன்னும் பிரிக்கலாமா? குளோரினை? இங்கதான் வரலாறு சுவாரஸ்யம்.

1774-ல ஷீலே குளோரினைத் தயாரிச்சார். ஆனா அது தனிமம்னு அப்போ யாருக்கும் தெரியாது. ஆக்சிஜன் கலந்த சேர்மம்னுதான் நம்பினாங்க. ஹம்ப்ரி டேவி அதுல இருந்து ஆக்சிஜனைப் பிரிக்க எவ்வளவோ முயற்சி பண்ணார். வரவே இல்ல. 1810-ல, "இது தனிமம்தான்"னு அறிவிச்சார்.

இதுக்கு நேர்மாறாவும் நடந்திருக்கு. 1789-ல லவாய்சியர் வெளியிட்ட தனிமப் பட்டியல்ல 33 பெயர் இருந்தது. அதுல சுண்ணாம்பும் ஒண்ணு, ஏன்னா அதை யாராலயும் பிரிக்க முடியல. 1808-ல டேவி மின்சாரத்தை வச்சு அதுல இருந்து கால்சியத்தை எடுத்தார். சுண்ணாம்பு பட்டியலை விட்டு வெளிய போச்சு.

ஆக, தனிமம்ங்கிறது வேதியியல் முறையில எவ்வளவு முயன்றாலும் இதுக்கு மேல எளிய பொருளா பிரியாதது. அணுவைப் பத்தின விளக்கம் பின்னாடி வந்தது.

ஒரு எச்சரிக்கை

கலக்குறதும் வினைபுரியுறதும் ஒண்ணு இல்லைங்கிறது பரீட்சைக்கு மட்டும் தேவைப்படுற விஷயம் இல்ல. ஹாஸ்டல் பாத்ரூமைக் கழுவும்போது கறை போகலைன்னு ப்ளீச்சையும் ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரையும் ஒண்ணா ஊத்தாதீங்க. கலவை மாதிரி தெரியும்; உள்ள வினை நடந்து குளோரின் வாயு வெளிய வரும். மூடின அறையில அது உயிருக்கே ஆபத்து. தெரியாம யாராவது ஊத்திட்டா, உடனே வெளிய வந்து நல்ல காத்துல நில்லுங்க. மத்தவங்களையும் உள்ள விடாதீங்க.

குழந்தைகிட்ட கேட்க மூணு கேள்வி

1. இரும்புத்தூள், உப்பு, மணல் மூணும் கலந்திருக்கு. எப்படிப் பிரிப்ப? (காந்தம், அப்புறம் தண்ணியில கரைச்சு வடிகட்டல், கடைசியா ஆவியாக்கல்.)
2. காத்து சேர்மமா, கலவையா? (கலவை. குளிர்வித்துத் திரவமாக்கினா நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியிலயும், ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியிலயும் கொதிக்கும். அந்த வித்தியாசத்தை வச்சுப் பிரிக்கலாம்.)
3. சர்க்கரையைக் கருக்கினா கருப்பா மிஞ்சுறது எங்கிருந்து வந்தது? (சர்க்கரை ஒரு சேர்மம். அதுல இருந்த கார்பன்தான் பெரும்பாலும் அது.)

அடுத்த தடவை யாராவது கேட்டா வரையறையிலிருந்து ஆரம்பிக்காதீங்க. ஒரு டம்ளர் தண்ணி, ஒரு பிடி உப்பு, ஒரு பிடி மணல் கொடுத்து, "பிரிச்சுக் காட்டு"ன்னு சொல்லுங்க. எந்த இடத்துல அந்தக் கை நிக்குதோ, அங்க இருந்து பாடத்தைத் தொடங்குங்க.