கோதுமைக் கப்பலும் அமெரிக்க இராஜதந்திரமும்

ஏகாதிபத்தியம் என்றதும் நம் வணிகர்கள் பலருக்குக் கோட்டையும் பீரங்கியும்தான் நினைவுக்கு வரும். தருமபுரிக்காரர்களுக்கு அது இயல்பே. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனதும், கேப்டன் ரீடின் கீழ் தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கி நிலவரி வசூலித்ததும் நாம் அறிந்த வரலாறு. வியாபாரம் செய்ய வந்தவன் நாட்டையே தன் பேரேட்டில் எழுதிக்கொண்டான். ஆனால், ஒரு காணி நிலத்தையும் பிடிக்காமல் ஒரு நாட்டை வழிக்குக் கொண்டுவர முடியுமா? நம் மளிகைத் தொழிலோடு ஒட்டிய உதாரணம் ஒன்று உண்டு. அதுதான் பி.எல். 480 கோதுமை.

பி.எல். 480 என்பது 1954-இல் அமெரிக்கா இயற்றிய சட்டத்தின் எண். அந்நாட்டு அரசு விவசாயிகளிடம் வாங்கிய தானியம் கிடங்குகளில் தேங்கிக் கிடந்தது. டாலர் இல்லாத நாடுகளுக்கு அவரவர் நாணயத்திலேயே விற்கலாம் என்று வழி கண்டார்கள். 1956-இல் நாமும் ஒப்பந்தம் செய்தோம். 1960-இல், நான்கு ஆண்டுகளுக்கு 1 கோடியே 60 லட்சம் டன் கோதுமையும் 10 லட்சம் டன் அரிசியும் தர ஐசனோவர் கையெழுத்திட்டார். இந்தியா பசியில் விழுந்தால் கம்யூனிஸ்ட் பக்கம் சாய்ந்துவிடும், ஆகவே தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. பின்வந்த கென்னடியும் அப்படியே. தருமம் என்று இதைச் சொல்ல முடியாது. வாடிக்கையாளரை இழக்க விரும்பாத மொத்த வியாபாரியின் புத்தி.

ஜான்சன் வேறு ரகம். 1965-இல் நீண்டகால ஒப்பந்தமே வேண்டாம் என்றார். சில மாதங்களுக்கு வேண்டியதை மட்டும், அதுவும் தானே பார்த்து உத்தரவிட்டு விடுவித்தார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் பருவமழை பொய்த்தது, பீகாரில் பஞ்சம். கப்பல் வந்தால்தான் ரேஷன் கடையில் எடை போட முடியும் என்ற நிலை. மாதக் கணக்கில் கடனுக்குச் சரக்கு போட்ட மண்டிக்காரர், இனி ஒவ்வொரு மூட்டைக்கும் என்னைக் கேள் என்று நின்றால் நம் கதி என்னவோ அதுதான்.

அவர் கேட்டது என்ன? விவசாயத்துக்குக் கூடுதல் பணம் ஒதுக்கு என்றார். 1965 நவம்பரில் ரோம் நகரில் நம் உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியமும் அமெரிக்க விவசாய அமைச்சர் ஃப்ரீமனும் இதுபற்றி இரகசிய உடன்பாடு கண்டனர். நியாயத்தைச் சொல்ல வேண்டும்: சுப்பிரமணியம் செய்ய நினைத்ததும் ஏறக்குறைய அதுவே. 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமையை வரவழைத்தவர் அவர். ஆனால் அதே ஆண்டு ஜூலையில் இந்திரா காந்தி வியட்நாம் மீது குண்டு வீசுவதை நிறுத்தச் சொன்னார். ஜான்சனுக்குக் கோபம் வந்தது, கோதுமை தாமதப்பட்டது. விவசாயத்துக்கும் வியட்நாமுக்கும் என்ன சம்பந்தம்?

களி தின்ற ஊர்க்காரர்களுக்குக் கோதுமை எதற்கு என்று சிலர் கேட்கலாம். மானாவாரிக் கேழ்வரகும் மழையை நம்பியதுதானே. சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-இல். பிறந்ததே பற்றாக்குறைக் காலம். 1967-இல் சென்னை மாநிலத்தில் ஆட்சி மாறியதற்கு அரிசித் தட்டுப்பாடும் ஒரு காரணம். ரூபாய்க்கு மூன்று படி என்ற வாக்குறுதியை மூத்த வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஐசனோவர் நல்லவர், ஜான்சன் கெட்டவர் என்று பிரிப்போர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கயிறு 1956-லேயே கட்டப்பட்டது. ஜான்சன் இழுத்துப் பார்த்தார், அவ்வளவுதான். 1971 டிசம்பரில் நிக்சன் எண்டர்பிரைஸ் போர்க்கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பினார். பஞ்சாபில் விளைச்சல் பெருகி, கோதுமையை வைத்து மிரட்டும் வழி அதற்குள் வலுவிழந்திருந்தது.

அந்தப் போரில் பிறந்த வங்கதேசத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது கியூபாவுக்குச் சணல் கோணிப் பைகள் விற்றது. எல்லாம் நம் கடையில் அரிசி கட்டும் கோணிதான். கியூபாவோடு வியாபாரம் செய்யும் நாட்டுக்கு இந்த உதவி கிடையாது என்பது அன்றைய அமெரிக்கச் சட்டம். 1974-இல் வெள்ளத்தில் பயிர் அழிந்து மக்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தபோது உணவு உதவி நிறுத்தி வைக்கப்பட்டது. கோணி விற்பதை நிறுத்துவதாக வங்கதேசம் ஒப்புக்கொண்ட பிறகே கப்பல்கள் புறப்பட்டன. அவை வந்து சேர்வதற்குள் பஞ்சம் பெரும்பாலும் முடிந்திருந்தது.